பேக்கப்

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற பொருள் என்று ஒன்று கிடையாது. மிக்சி கத்துகிறது. தண்ணீர் மோட்டார் கத்துகிறது. வீட்டுக்காரர் கத்துவதில்லை, விசிலடிக்கிறார். இன்று காலையிலிருந்து கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. புகைப்படங்களைத் திறந்தால் உள்ளிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடி டக்.

பரந்தாமன் வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். (நேரில் ஒருநாளும் சொல்லாத பெயர். இங்கே எழுதினால் யார் தடுப்பது.)

"பல்லி," என்றார். "பின்னால இருக்கு. கிழக்கால இருந்து சொல்லுது வல்லி, நல்லதுதான்."

முப்பது வருஷம் சென்னையில் டி.வி. சீரியல்களுக்குப் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்த மனிதர். மாதத்தில் இரண்டு நாள் திண்டுக்கல் வந்து விருந்தாளி மாதிரி சாப்பிட்டுப் போனவர். ரிட்டயரான பிறகு நிரந்தர விருந்தாளி. நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தினேன், பிள்ளையை வளர்த்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுமலை ஏறிப் புல் பார்த்தேன். புல் என்றால் புல்தான், மாடு தின்கிற புல். பதினோரு வருஷம். அந்த மலையில் முளைக்கிற ஒவ்வொரு புல்லும் கணுவும் கதிரும் விதையுமாக அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. தை மாதம் அதைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பல்லி ஜோசியம் சொல்கிறார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டார்ச் அடித்துப் பார்த்தாகிவிட்டது. பல்லி இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

புனேயில் இருக்கும் மகனுக்குச் சத்தத்தைப் போனில் பிடித்துக் காட்டினேன். இரண்டு டக் கேட்டதுமே முகிலன், "அம்மா, அது ஹார்ட் டிஸ்க் சாகப்போற சத்தம். உள்ள இருக்கறத இன்னைக்கே காப்பி எடு," என்றான்.

"எடுக்கிறேன்டா."

"ஒரு காப்பி பத்தாது. எல்லாம் சேத்து மூணு இருக்கணும். வெளிய மாட்டுற டிஸ்க் ரெண்டு வாங்கு. அதுல ஒண்ண மதுரையில சித்தி வீட்ல குடுத்து வை. திருட்டு, தீ, என்ன வந்தாலும் ஒண்ணு தப்பிச்சிடும்."

பிள்ளையையே ஒன்றே ஒன்று பெற்றவளிடம் மூன்று காப்பி கேட்கிறான். அந்த ஒன்றையும் வீட்டுக்கு வெளியேதானே வைத்திருக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

அதெல்லாம் சிரமம் என்றால் கிளவுடில் போடு என்றான். எங்கள் தெருவுக்கு வருகிற இன்டர்நெட்டில் ஒரு படம் மேலே ஏறுவதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்துவிடலாம். பதினோரு வருஷத்தை ஏற்றுவதற்குக் காபித் தோட்டமே வாங்கவேண்டும்.

போனை வைத்ததும் சொன்னதையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்து வாட்ஸாப்பில் அனுப்பினான். படிக்கவில்லை. 'தமிழைத் தமிழ் எழுத்தில் எழுது, பிறகு படிக்கிறேன்' என்று பதில் போட்டேன். போன் வாங்கிய நாளிலிருந்து நான் அடிப்பது தமிழ் எழுத்தில்தான். இங்கிலீஷ் வார்த்தையானாலும் தமிழ் எழுத்து. கல்லூரி வாட்ஸாப் குழுவில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவரவர் சோம்பேறித்தனத்துக்கு மொழி என்ன செய்யும்.

ஆகஸ்ட் 23, சனி

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் ஜெபராஜ் என்னைப் பார்த்ததும், "பாட்டு ஏத்தவா மேடம், பக்திப் படமா?" என்று கேட்டார். தலை நரைத்த பொம்பளை கம்ப்யூட்டர் கடைக்குள் வந்தால் சஷ்டி கவசம்தான் கேட்கவேண்டும் போலிருக்கிறது. புல் என்றேன். ஃபுல் என்று கேட்டுக்கொண்டு, "ஃபுல்லா எதுல ஃபுல்லு?" என்றார். பரந்தாமன் சிரித்தார். அங்கேயே இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தேர்வு வைத்திருப்பேன்.

முதலில் ஒரு பென் டிரைவை நீட்டினார். கட்டைவிரல் அளவு. உலகமே உள்ளே அடங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது, விலையோ ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகாது. இதில் இவ்வளவு பிடிக்குமா என்றேன். "போடும்போது போட்டுக்கிட்டே இருக்கும் மேடம். எடுக்கும்போதுதான் இருக்காது," என்று உண்மையைச் சொன்னார். அப்புறம் ஏன் நீட்டினாய் என்று கேட்டதற்கு, "கேக்கறாங்களே," என்றார்.

பிறகுதான் சரக்கை எடுத்தார். ஹார்ட் டிஸ்க் என்றால் உள்ளே தட்டு சுற்றும், கீழே போட்டால் போச்சு. எஸ்.எஸ்.டி. என்றால் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை, கீழே விழுந்தாலும் தாங்கும், வேகம் அதிகம். ஆனால் கரண்ட் காட்டாமல் வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் வைத்ததை மறந்துவிடக்கூடும். மறக்கிற பொருள் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி, சுற்றுகிறதையே இரண்டு கேட்டேன். ஒரே கம்பெனி, ஒரே நாள் தயாரிப்பு என்றால் ஒரே சமயத்தில் படுக்கவும் வாய்ப்புண்டு என்பதால் வேறு வேறு கம்பெனி. இது முகிலன் சொன்னது. இதற்கு மட்டும் ஜெபராஜ் என்னை மரியாதையாகப் பார்த்தார்.

பெட்டியில் இருப்பதை எறும்பு படிப்பதற்காக அச்சடித்திருக்கிறார்கள். பரந்தாமன் வாங்கி, கேட்காமலே, உரக்கப் படித்தார். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்தபோது ஒரு பைக்காரன் இடப்பக்கம் எங்கிருந்தோ முளைத்தான். பரந்தாமன் கையைப் பிடித்து இழுத்தார். ஹாரன் அடிக்காமல் வருகிறவனைத் திட்டாமல் என்னை எதற்கு இழுப்பது. கையை உதறிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

டிஸ்கை மாட்டலாம் என்று உட்கார்ந்தேன். உள்ளே பார்த்தால் 'புதிய கோப்புறை', 'புதிய கோப்புறை 2', 'பழையூர் மீதி', 'மீதியின் மீதி'. பாதிப் படங்களுக்குக் கேமரா போட்ட நம்பர்தான் பெயர். இப்படியே அள்ளிக் கொட்ட நான் என்ன நகராட்சி வண்டியா? முதலில் பெயர். புல்லின் பெயர், எடுத்த இடம், மாதம். 'மயில்கொண்டை-புதூர் ஓடை-கார்த்திகை.' இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டுத்தான் காப்பி. குளிக்காத பிள்ளைக்கு யாரும் புதுத்துணி போடுவதில்லை.

இரவு ஒன்பது மணிக்கு வழக்கம்போல் பரந்தாமன் கேட்டைப் பூட்டிவிட்டு, வாசல் விளக்கை அணைத்துவிட்டு, "பேக்கப்," என்று ஒரு குரல் கொடுத்தார். ஷூட்டிங் முடிந்து சாமான்களை மூட்டை கட்டச் சொல்லும் குரல் அது. லைட்மேன் இல்லை, கேமரா இல்லை, நடிகை இல்லை. நானும் ஒரு காய்ந்த துளசிச் செடியும்தான் யூனிட்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மதுரை. கண் ஆஸ்பத்திரி. பரந்தாமனும் வந்தார், வேண்டாம் என்று சொல்லியும்.

தலையை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் விட்டு, நடுவில் பார்த்துக்கொண்டே, ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பாதி நேரம் புள்ளியே வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். மெஷின் ரிப்பேர் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் மற்றக் கண்ணுக்கு மாற்றினாள். அதிலும் ரிப்பேர்தான்.

டாக்டர் என்னென்னவோ சொன்னார். கண்ணில் அழுத்தம் இறங்கவில்லை, சொட்டு மருந்து போதாது, சின்னதாக ஒரு ஆபரேஷன். தள்ளிப்போடக் கூடாதாம். எல்லா டாக்டர்களும் இதைத்தான் சொல்வார்கள், அவர்களுக்கும் கட்டடம் கட்டிய கடன் இருக்கும்.

திரும்பும் வழியில் பரந்தாமன் விசிலடிக்கவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

பெயர் வைக்கும் வேலை. கோரையைப் பூராவும் தனியே ஒதுக்கினேன். கோரை புல் இல்லை. தண்டை உருட்டிப் பார்த்தால் மூன்று மூலை இருக்கும். முப்பது வருஷம் வகுப்பில் கரடியாகக் கத்தியும் ஒருவன் மண்டையிலும் ஏறவில்லை.

முகிலன், "காப்பி எடுத்தாச்சா?" என்றான். நாளைக்கு என்றேன். "இதையேதான் போன வாரமும் சொன்ன," என்றான். அவன் அப்பா குணம், கணக்கு வைத்துக்கொள்கிறான்.

காலையில் பால் டம்ளருக்கு வெளியே போயிற்று. டம்ளரை யாரோ நகர்த்திவைத்திருக்கிறார்கள்.

சத்தம் இப்போது அடிக்கடி வருகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். வியாழக்கிழமை ஒரு இடம் காலியாம், நாளைக்கே வந்து சேர வேண்டுமாம். எனக்கு இங்கே ஊசிப்புல் பாதியில் நிற்கிறது.

"நானும் வர்றேன்," என்றார் பரந்தாமன்.

"செங்கமலம் இருக்கா, அவ பாத்துக்குவா. நீங்க வந்து அங்க விசிலடிக்க வேண்டாம். வீட்ல இருங்க."

மதுரையில் என் தங்கை என்னைத் தாங்கு தாங்கு என்று தாங்குவாள், அதுவும் ஒரு தொல்லைதான். பரந்தாமன் என் பையை அடுக்கினார். சேலை, துண்டு, மருந்து எல்லாம் தனித்தனிக் கவரில், மேலே பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டி. எதற்கு இவ்வளவு பெரிய எழுத்து, நான் என்ன ஒண்ணாம் வகுப்பா?

செப்டம்பர் 10, புதன். ஆஸ்பத்திரி

படுக்கையில் படுத்தால் அந்த டக் டக் காதிலேயே இருக்கிறது. நாளைக்குக் கண்ணைக் கட்டிவிட்டால் அப்புறம் எப்போது உட்காருவேனோ. பெயர் வைத்தது வைக்காதது எல்லாம் இருக்கட்டும், இருக்கிறபடி ஏறட்டும். வார்டில் போன் பேசக் கூடாது என்று நர்ஸ் முறைக்கிறாள். பரந்தாமனுக்குச் செய்தி அடித்தேன். தெளிவாக, சுருக்கமாக:

'நான் வருவதற்குள் என் கம்ப்யூட்டரை முழுவதும் பேக்கப் பண்ணிவிடவும். டிஸ்க் இரண்டும் மேசை டிராயரில் உள்ளன, விட்டுவிடக் கூடாது. ஆடாமல் அசையாமல் பண்ணவும். சந்தேகம் இருந்தால் முகிலனைக் கேட்கவும்.'

உடனே பதில் வந்தது. 'சரி வல்லி.'

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் அவரிடமிருந்து இன்னொரு செய்தி. செங்கமலம் படித்துக் காட்டினாள். 'பேக்கப் முடிஞ்சுது. எல்லாம் பத்திரம். தைரியமா இரு.'

கல்யாணமான நாளிலிருந்து சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்தது இதுதான் முதல் தடவை. ஸ்ட்ரெச்சரில் போகும்போது சிரித்தேனாம். செங்கமலம் சொன்னாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதக் கூடாதாம். எழுதுவேன். ஒரு கண்ணில் கட்டு இருக்கிறது, வரி எங்கே போகிறதோ போகட்டும். இன்றைக்கு எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

வீட்டுக்குள் வந்தேன். என் மேசை காலி. துடைத்து, மேலே ஒரு பூச்சாடி வைத்திருந்தார்.

"கம்ப்யூட்டர் எங்கங்க?"

"பரண்ல இருக்கு. வாழை மண்டியில ரெண்டு ஆளக் கூட்டியாந்து ஏத்துனேன். நீ சொன்ன மாதிரியே, ஆடாம அசையாம."

"பரண்ல எதுக்கு?"

"நீதான வல்லி பேக்கப் பண்ணச் சொன்ன?"

மேலே மூன்று அட்டைப்பெட்டிகள். தெர்மாகோல் வைத்து, டேப் ஒட்டி, அம்புக்குறி போட்டு, ஒவ்வொன்றிலும் 'வல்லி கம்ப்யூட்டர்' என்று மார்க்கரில் எழுதி. டிஸ்க் இரண்டும் கடையில் வாங்கிய அட்டைகூடப் பிரிக்காமல், குமிழ் பேப்பரில் சுற்றி, தூங்குகிற பிள்ளைகள் மாதிரி படுத்திருந்தன.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீயே பாரு. பேக்கப்னுதான போட்டிருக்க?"

"அது இந்தப் பேக்கப் இல்ல. காப்பி எடுக்கிற பேக்கப்."

"அது எப்படி எனக்குத் தெரியும்? முப்பது வருஷமா எனக்கு ஒரே பேக்கப்தான். முழுசாப் பண்ணுன்ன. டிஸ்க்க விட்டுடாதன்ன. ஆடாம அசையாமன்ன. எல்லாத்தையும் பண்ணியிருக்கேன்."

"சந்தேகம்னா முகிலனக் கேக்கச் சொன்னேன்ல?"

"சந்தேகமே வரலையே."

முட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவர் அதைத் துடைத்துப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இருக்கற பார்வையக் காப்பாத்தத்தான் ஆபரேஷன், போனது திரும்பி வராதுன்னு டாக்டர் சொன்னாரு. நீ மெஷின்ல இருந்தப்ப எங்கிட்டச் சொன்னாரு. அதான், நீயே மனசத் தேத்திக்கிட்டு மூட்டை கட்டச் சொல்லிட்டன்னு நெனச்சேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல வல்லி."

டாக்டர் சொன்னதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று இவரைக் கேட்கவில்லை. டாக்டர் எனக்கும்தான் சொன்னார்.

செப்டம்பர் 15, திங்கள்

ரசம் வைத்தார். உப்பு இல்லை. சாப்பிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பெட்டிகளை இறக்கி, முகிலன் வீடியோவில் சொல்லச் சொல்ல, பரந்தாமன் ஒயர்களை மாட்டினார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "லைட்ட அப்படித்தான ஆஃப் பண்ணுவோம்," என்றார்.

ஸ்விட்ச் போட்டதும் நாலைந்து டக். அப்புறம் ஒரு கீச். அப்புறம் ஒன்றுமில்லை. கறுப்புத் திரை.

இந்த வீட்டில் வாயை மூடிய முதல் பொருள் அதுதான்.

செப்டம்பர் 20, சனி

இறந்துபோன டிஸ்கிலிருந்து படங்களை மீட்கிற இடம் மதுரையில் ஒன்று இருக்கிறது. நடத்துவது ஷமீமா என்கிற பெண். கண்ணாடி போட்டிருந்தாள், பேச்சில் வளவளப்பு இல்லை. டிஸ்கைக் காதோரம் வைத்துக் கேட்டாள், ஏதோ கருவியில் மாட்டினாள்.

"தட்டுல கீறல் விழுந்திருக்கு மேடம். ஆனா இது ஒரே நாள்ல வந்ததில்ல. முன்னாடியே போய்க்கிட்டிருந்திருக்கு. சத்தம் எப்ப இருந்து வருது?"

போன வாரத்திலிருந்து என்றேன்.

பரந்தாமன் என்னைப் பார்த்தார். பல்லியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"முயற்சி பண்றேன். சத்தம் கேட்ட அன்னைக்கே காப்பி எடுத்திருந்தா எங்கிட்ட வந்திருக்கவே வேண்டாம்," என்றாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தெரிவதில்லை.

வெளியே வந்து இளநீர் வாங்கிக் கொடுத்தார். என் கை போன இடத்தில் காய் இல்லை. அவர் எடுத்து விரல்களுக்குள் வைத்தார். உதறவில்லை, தாகம்.

அக்டோபர் 6, திங்கள்

கிடைத்துவிட்டன. ஏறக்குறைய எல்லாப் படங்களும். ஷமீமா போனில் சொன்னபோது பரந்தாமன் என்னைக் கேட்காமல் பூஜை அறைக்குப் போய் விளக்கேற்றினார்.

புது டிஸ்கில் போட்டுக்கொண்டு வந்து, முகிலன் அனுப்பிவைத்த பழைய லேப்டாப்பில் திறந்தேன். படங்கள் இருக்கின்றன. பெயர்கள் இல்லை. ஒன்றுக்குக்கூட இல்லை. நம்பர், நம்பர், நம்பர். கோப்புறை போய்விட்டது, இடம் போய்விட்டது, மாதம் போய்விட்டது. பழையூரும் புதூரும், கார்த்திகையும் சித்திரையும் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கின்றன. ஷமீமாவைக் கேட்டேன். "படம் ஒரு இடத்துல இருக்கும் மேடம், அதோட பேர் எழுதின அட்டவணை வேற இடத்துல இருக்கும். கீறல் அந்த அட்டவணை மேல," என்றாள்.

இரண்டு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து நான் வைத்த பெயர்கள். படம் எடுத்தது கேமரா. பெயர் வைத்தது நான். என்னுடையதை மட்டும் பார்த்துத் தின்றிருக்கிறது அந்தச் சனியன்.

கையில் கிடைத்த எவர்சில்வர் டப்பாவை எறிந்தேன். அதில் துவரம்பருப்பு இருந்தது. பரந்தாமன் உட்கார்ந்து பொறுக்கினார்.

அக்டோபர் 8, புதன்

இந்த லேப்டாப் திரை மட்டமான திரை. கதிரின் நுனியில் மயிர் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் இரண்டு புல்லைப் பிரிக்கவேண்டும். பெரிதாக்கினால் கலங்குகிறது. விளக்கை மாற்றச் சொன்னேன். மாற்றினார். கலங்குகிறது. இன்னொரு திரை வேண்டும் என்றேன். ஜெபராஜ் கடையிலிருந்து பெரிய திரை ஒன்றை வாடகைக்குத் தூக்கிவந்தார். அதுவும் மட்டம்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏழு படம். ஏழு. தைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இன்றைக்கு இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போங்கள் என்றேன். போகவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, "இது ஒரு க்ளோசப் வல்லி," என்றார். "துணி போன குடை மாதிரி இருக்கு. கம்பி மட்டும் நிக்குது. ஊதாக் கலரு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மயில்கொண்டை என்றேன்.

"இது லாங் ஷாட். எல்லாம் ஒண்ணோடொண்ணு முறுக்கிக்கிட்டு, எண்ணெய் வைக்காத சடை மாதிரி. நுனி கறுப்பு."

ஊசிப்புல். எடுத்தது பழையூர்ப் பாறை, வேறெங்கும் அவ்வளவு கறுப்பு வராது.

"இதுல நாலு கை. ஒவ்வொரு கையிலயும் ஒரு பக்கம் மட்டும் சீப்புப் பல்லு."

காக்காய்க்கால்.

"இது புல்லு."

"புல்லுன்னா? எல்லாமே புல்லுதான். ஒழுங்காப் பாத்துச் சொல்லுங்க. தண்டு உருண்டையா, மூலை இருக்கா?"

"மூணு மூலை."

"அப்ப அது புல்லே இல்ல," என்று கத்தினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். என் வகுப்பில் இருந்திருந்தால் முட்டி போட வைத்திருப்பேன். முப்பது வருஷம் இந்த மனிதர் ஒரு புல்லைப் பார்த்ததில்லை, நான் ஏறிய மலையைப் பார்த்ததில்லை, இப்போது பார்க்கிறார், அதுவும் நான் பார்க்க வேண்டியதை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

இது என் கையெழுத்து இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுவது மேற்படி முட்டாள். நேற்று எழுதியதை இன்று படித்துக் காட்டச் சொன்னேன். ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறியிருக்கிறது, படிக்க முடியவில்லை என்கிறார். அதனால் நேற்றைய பக்கத்தை இதில் சேர்க்கவில்லை. அதில் இவரைப் பற்றித்தான் எழுதியிருந்தேன், படிக்க முடியாமல் போனது இவர் அதிர்ஷ்டம்.

முந்தைய பக்கங்களையும் படிக்கட்டுமா என்றார். பல்லி வரைக்கும் போனால் காலை முறிப்பேன் என்றேன். அதையும் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்.

மூன்று நாளில் அறுநூற்றுச் சொச்சம் படங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. சொல்வது இவர், வைப்பது நான், அடிப்பது இவர். மயில்கொண்டையை 'மைல்கொண்டை' என்று அடித்திருந்தார். எல்லாவற்றையும் திருத்த வைத்தேன். பதிப்பகத்துக்குப் போன் செய்து தை இல்லை, ஆடி என்று சொல்லச் சொன்னேன். இவர் யாரோ பெரிய டைரக்டரிடம் கால்ஷீட் தள்ளிவைப்பது மாதிரி அரைமணி நேரம் பேசினார். ஒரு டிஸ்க் இங்கே, ஒரு டிஸ்கைச் செங்கமலம் வந்து மதுரைக்கு எடுத்துப்போவாள். அடுத்த வாரம் அது வரும், இது போகும். முகிலன் சொன்ன மூன்றும் இனிமேல் எப்போதும் இருக்கும்.

மலைக்கு இனி யார் போவது என்று யோசித்தேன். மார்கழியில் தர்ப்பை கதிர் விடும், அதற்கு நல்ல படம் இல்லை. "நான் போறேன். எந்த இடம்னு சொல்லு, நான் போய் எடுத்துட்டு வர்றேன்," என்கிறார். சேலை கட்டின நடிகையைத் தவிர எதையும் ஃப்ரேமில் பார்த்தறியாதவர். போய்த் தொலையட்டும். நானும் கூடப் போய் வண்டியிலிருந்தே திட்டிக்கொண்டிருப்பேன்.

மணி ஒன்பதாகிறதாம். கேட்டைப் பூட்ட எழுந்திருக்கப் பார்க்கிறார். கடைசி வரியை எழுதிவிட்டுப் போகச் சொன்னேன். இன்றைக்குப் பெயர் வைத்ததை எல்லாம் இரண்டு டிஸ்கிலும் பேக்கப் பண்ணியாகிவிட்டது. இதுதான் வரி.

பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "எந்த ப, வல்லி?"

"தமிழ்ல ஒரே ஒரு ப தான் இருக்கு. எழுதுங்க."